பதினேழாவது பிரம்பு

அவர் படியேறி வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு செருமல். பிறகு கைப்பிடிக் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம். அப்புறம், "பரவாயில்லையே, நல்ல காத்தோட்டமா வெச்சிருக்காங்க" என்று யாருக்கென்றில்லாமல் வழங்கப்பட்ட ஒரு பாராட்டு. பதினோரு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது, தோள்கள் தொங்கியிருந்தன. செருமல் மட்டும் அப்படியே இருந்தது.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் அன்று முதல் வகுப்பு. 'பொழுதுபோக்காகக் கூடை பின்னலாம்: புதியவர்களுக்கு எட்டு சனிக்கிழமைகள்' என்று கீழே பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள். பெயர்ப் பட்டியல் நூலகரிடம் இருந்தது. அவள் அதை வாங்கிப் பார்த்திருக்கவில்லை.

அவர் முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வணக்கம் டீச்சர். விரலெல்லாம் மரத்துப் போகுது. ஏதாவது கைவேலை செய்யுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். பொண்ணுதான் இங்க கொண்டுவந்து சேர்த்து விட்டா" என்று அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார்.

அவள் காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மற்றபடி அது ஒன்பது வருடம் அவர் தினமும் எட்டு மணி நேரம் பார்த்த முகம்தான்.

"உட்காருங்க சார்" என்றாள், ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட மனிதரிடம்.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அவர் அங்கே தலைமை. எல்லோரும் அவரை 'சீஃப்' என்பார்கள். ஊசி குத்தினால் வலிக்காத கை என்று அவளுக்கு வார்டுகளில் பெயர். குழந்தைகள் வார்டிலிருந்து அவளைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஒரு நாள் காலை இரண்டு நோயாளிகளின் ரத்தக் குழாய்களில் லேபிள் மாறிப் போனது. ஒருவருக்குப் போக வேண்டிய ரத்தம் இன்னொருவரின் கட்டிலருகே வந்து தொங்கியது. வார்டு நர்ஸ் ரத்தப் பிரிவு எழுதிய பழைய அட்டையைப் பார்த்துச் சட்டென்று தடுத்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த லேபிள்களை எழுதியது சீஃப். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சிரித்துப் பேசியபடியே எழுதினார். ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் வால் இழுத்து எழுதுவது அவர் வழக்கம். குழாயில் அந்த வாலை அவள் தன் கண்ணால் பார்த்தாள். மறுநாள் விசாரணைக்கு எடுத்து வைத்தபோது அதே குழாயில் அச்சடித்த லேபிள் ஒட்டியிருந்தது, பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயரோடு.

அன்று மாலை அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு மன்னிப்புக் கடிதம் வாசிச்சிட்டா இதோட முடிஞ்சுடும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். அப்போது அவள் கணவர் வேலையிடத்தில் விழுந்து கால் உடைந்து, மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். குடும்பம் அவள் ஒருத்தியின் வேலையில் ஓடிக்கொண்டிருந்தது. கடிதத்தை சீஃபே எழுதிக் கொடுத்தார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்ட அறையில் அவள் நின்று வாசித்தாள். வாசித்து முடித்ததும் அவர் பக்கத்திலிருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "சிலருக்குக் கை வரும், கவனம் வராது. என்ன பண்றது?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஆறாவது நாள் வேலை நீக்க உத்தரவு வந்தது. வேறு எந்தப் பரிசோதனைக் கூடத்திற்குப் போனாலும் அவர்கள் பழைய இடத்துக்கு ஒரு போன் போட்டார்கள், அத்தோடு சரி. பழைய சகாக்கள் தங்களுக்குள் அவளை 'மாத்தி' என்று கூப்பிடுவதாக ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள். குழாயை மாற்றியவளாம், அதனால் மாத்தி.

கைகள் சும்மா இருக்க மறுத்தன. அடுத்த கட்டடத்தில் பிரம்பு நாற்காலி பழுது பார்ப்பவர் வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பின்ன ஆரம்பித்தாள். முதல் கூடை தொப்பி போல வந்தது. இருபதாவது கூடை கூடை போல வந்தது. பின்னும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஆளை மனதுக்குள் ஒரு முறை வைதாள். அப்படிப் பார்த்தால் அவள் வீட்டிலிருந்த அத்தனை கூடைகளும் வசவில் முடைந்தவைதான். நாளடைவில் நூலகத்தில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் 'கூடை டீச்சர்' என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது அந்த ஆள் முன்வரிசையில், மடியில் பிரம்போடு.

அடிப்பாகம் போடுவதுதான் முதல் பாடம். எட்டுக் குச்சிகளில் நாலை நடுவில் கீறி, மற்ற நாலை அந்தக் கீறலுக்குள் விட்டால் கூட்டல் குறி போல நிற்கும். விரித்தால் பதினாறு முனைகள். பதினேழாவதாக ஒரு சின்னக் குச்சியை அவளே ஒவ்வொருவருக்கும் செருகிக் கொடுப்பாள். ஒற்றைப்படையாக இருந்தால்தான், சுற்றி ஓடுகிற பிரம்பு ஒரு சுற்றில் முன்னால் போன இடத்தில் அடுத்த சுற்றில் பின்னால் போகும். அப்போதுதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வழக்கமாக இதை முதலிலேயே விளக்கிவிடுவாள். அன்று விளக்கவில்லை.

வரிசையாகச் செருகிக்கொண்டே வந்தாள். அவரிடம் வந்தபோது குனிந்தாள், விரல்களை அடிப்பாகத்தின் மேல் வைத்தாள், எடுத்தாள், அடுத்தவரிடம் போனாள். பதினேழாவது குச்சி அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவருடைய அடிப்பாகம் கையிலெடுத்ததும் பொலபொலவென்று கழன்றது. வகுப்பில் ஓரகத்திகள் இருவர் இருந்தார்கள். ஒரே வீட்டு மருமகள்கள், வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்களாம், இங்கே வந்தால் வாய் ஓயாது. மூத்தவள் எட்டிப் பார்த்து, "சார், கூடைன்னுதானே சொன்னாங்க, நீங்க மீன் வலை பின்றீங்களே?" என்றாள். இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் காது மடல் வரை சிவந்தார்.

கூடை டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

மூன்றாவது வாரம், மற்றவர்களுக்கு அரை மணி நேரம் ஊறிய பிரம்பைக் கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் மேசைக்கு அடியிலிருந்து காய்ந்ததை எடுத்துக் கொடுத்தாள். வளைக்க வளைக்கப் பட் பட்டென்று ஒடிந்தது. சிலாம்பு ஏறி அவர் கட்டைவிரலில் ரத்தம் துளிர்த்தது. அவள் பஞ்சை நீட்டினாள். எத்தனையோ ஆயிரம் பேரின் ரத்தத்தைப் பார்த்தவள். இந்த ஒரு துளியை மட்டும் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

நாலாவது வாரம் அவர் வகுப்புக்கு முன்பே வந்து காத்திருந்தார். "வீட்டுல பதினோரு தடவை பிரிச்சுப் போட்டேன் டீச்சர். முப்பத்தாறு வருஷம் நுணுக்கமான வேலை பார்த்தவன் நான். இது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

அவள் பிரம்பைத் தொட்டியில் அமுக்கியபடியே, பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "சிலருக்குக் கை வரும், கவனம் வராது. என்ன பண்றது?"

அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். அந்தக் குனிந்த தலையை அவள் வீடு வரை மனதில் சுமந்து போனாள். வழியெல்லாம் இனித்தது.

வீட்டில் கணவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "என்ன, இப்பல்லாம் சனிக்கிழமை ஆனா மூஞ்சில ஒரு பல்பு எரியுது?" என்றார். அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை அவள் சொன்னாள். பதினாறு குச்சி, காய்ந்த பிரம்பு, மீன் வலை எல்லாவற்றையும்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தாளு எந்தக் கட்டடத்துல இருக்காருன்னு மட்டும் சொல்லு. லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி வெக்கறேன். ஒரு மணி நேரம் உள்ளே கிடக்கட்டும்." சிரித்து ஓய்ந்ததும் திருகாணியை உருட்டிக்கொண்டே கேட்டார். "ஆமா, அந்த வகுப்புல அவருக்குத் தப்பா சொல்லிக் கொடுக்கறது யாரு?"

"யாரு? நான்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அப்ப அங்க நீ செய்யாத தப்பை இங்க செய்யற."

அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். அவளுக்கு எதிராக அந்த ஆள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பொய்யாக இருந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு வருடம் தலைநிமிர்ந்து நடந்தாள். இப்போது யாராவது வந்து, 'வேலையில் ஏமாற்றுகிறவள்' என்றால் மறுக்க முடியாது. ஆத்திரம் தணியவில்லை, கூடத்தான் செய்தது. தன்னை இந்த இடத்துக்கு இழுத்துவிட்டதற்கும் சேர்த்து அந்த ஆளின் மேல் கறுவினாள். மீன் வலைக் கேலியெல்லாம் அவருக்கு ரொம்பக் குறைவு என்று தோன்றியது. அவர் வாயால் வர வேண்டியது ஒன்று இருந்தது. அதை வரவழைத்தே தீர வேண்டும்.

ஐந்தாவது சனிக்கிழமை, எல்லோரும் உட்கார்ந்ததும் ஒரு சின்னக் குச்சியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இங்க எல்லாருக்கும் பதினேழு குச்சி. உங்களுக்கு மட்டும் பதினாறு. பதினாறுல கூடை நிக்காது. வேணும்னேதான் குறைச்சுக் கொடுத்தேன். பிரம்பையும் வேணும்னேதான் காய்ஞ்சதாக் கொடுத்தேன்."

ஓரகத்திகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏன் டீச்சர்?" அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"நான் உங்க லேப்ல ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ரெண்டு குழாய்ல லேபிள் மாறிச்சு. நீங்க எழுதின லேபிள். நீங்க எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை நாற்பது பேர் முன்னாடி நான் வாசிச்சேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "லேப்லயா... எந்த வருஷம்? ஆமா, என்னமோ ஒரு சின்னப் பிரச்சினை வந்த மாதிரி..."

பதினோரு வருடமாக அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் மறுத்தால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அவர் மறந்திருப்பார் என்பதற்கு மட்டும் பதில் வைத்திருக்கவில்லை.

"சின்னப் பிரச்சினை" என்று திருப்பிச் சொன்னாள். "சார், என் பேரு என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கூடம் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது வருஷம் தினமும் கூப்பிட்ட பேரு. போங்க, ஞாபகம் வந்தா வாங்க."

அவர் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார். பின்வரிசையிலிருந்த ரொட்டிக் கடைக்காரர் மெல்லத் தன் கூடையைத் திருப்பி, முனைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். அதைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரும் எண்ணினார். கொஞ்ச நேரத்தில் வகுப்பே எண்ணிக்கொண்டிருந்தது.

"எனக்குப் பதினேழு இருக்கு டீச்சர்" என்றார் ரொட்டிக் கடைக்காரர் நிம்மதியாக.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லீங்க" என்றாள் அவள்.

ஆறாவது சனிக்கிழமை அவள் கூடத்தைத் திறக்க வந்தபோது அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்று அவள் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும்.

"அந்த நாளை நான் மறக்கலம்மா. வேற ஒண்ணுக்காக ஞாபகம் வெச்சிருந்தேன். அன்னிக்குக் காலைல போன் வந்தது, பேத்தி பிறந்திருக்கான்னு. முதல் பேத்தி. அந்தச் சந்தோஷத்துலதான் லேபிளை... வருஷா வருஷம் அந்தத் தேதியில கேக் வெட்டறோம். அதே நாள்தான் இதுவும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் பூட்டைத் திறந்தாள்.

"குழந்தையை இதுல இழுக்காதீங்க சார். போன்ல பேசினது சந்தோஷத்துல. அடுத்த நாள் லேபிளைக் கிழிச்சுட்டு அச்சடிச்சதை ஒட்டினது எந்தச் சந்தோஷத்துல?"

அவர் "நான் என்ன செய்யணும்?" என்றார்.

அதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக் கூட ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நாள் நடக்கும். ஓய்வு பெற்ற தலைமை என்கிற முறையில் அவரைப் பேச அழைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"இந்த வருஷம் எப்ப?"

"வர்ற புதன்கிழமை."

"எதைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க?"

அவர் தயங்கினார். "தவறில்லாம வேலை செய்யறது எப்படின்னு."

அவள் சிரித்துவிட்டாள். பதினோரு வருடத்தில் அந்த ஆளைக் குறித்து வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாறு வரிகள், அவள் கையெழுத்தில். ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் நின்றவை.

அவர் படித்துவிட்டு, "இந்த ஒரு வார்த்தை மட்டும்... 'தெரிந்தே'ன்னு போட்டிருக்கே. கவனக்குறைவுன்னு போட்டா..." என்று இழுத்தார்.

"நல்லாப் படிங்க. லேபிள் மாறினதைக் கவனக்குறைவுன்னுதான் எழுதியிருக்கேன். என் தலையில கட்டினதை 'தெரிந்தே'ன்னு எழுதியிருக்கேன். ரெண்டும் வேற வேற."

புதன்கிழமை அவளும் போனாள். கணவர் வாசலில் வண்டியோடு நின்றார். "நானும் வரட்டா? ஒரு கை பார்த்துடலாம்" என்றவரை முறைத்து நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். அதே கூட்ட அறை. நாற்காலிகளுக்குப் புது உறை போட்டிருந்தார்கள். பாதி முகங்கள் புதியவை. மீதிப் பாதி அவளைப் பார்த்ததும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. 'மாத்தி' என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுந்தது.

சீஃப் மேடையேறிச் செருமினார். தாளைப் பிரித்தார். "பதினோரு வருடங்களுக்கு முன் நம் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ரத்தக் குழாய்களின் லேபிள்கள் மாறின. கவனக்குறைவால் மாற்றி எழுதியது நான். என் கையெழுத்திலிருந்த லேபிளைக் கிழித்து, தெரிந்தே இன்னொருவர் மேல் பழியைப் போட்டதும் நான்" என்று வாசித்தார். அவள் பெயரை வாசித்தார். அவள் வாசித்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியதும் தானே என்பதை வாசித்தார். வாசித்து முடித்தும் இறங்காமல் நின்றார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர் போல இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அவள் அவசரமில்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவர் அவளைத் தேடி வந்தார். "மன்னிச்சுட்டியாம்மா?"

"இல்ல சார்."

"எப்பவாவது?"

"தெரியாது. அதுக்காகக் காத்திருக்காதீங்க. சனிக்கிழமை விளிம்பு கட்டற பாடம். பிரம்பை வீட்டுலயே ஊற வெச்சு எடுத்துட்டு வாங்க."

அதற்குள் பழைய சகா ஒருத்தி ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்டி. நீ செஞ்சிருக்க மாட்டேன்னு அப்பவே தெரியும்" என்றாள்.

"அப்பவே தெரியுமா?"

"சத்தியமா."

அவள் கைகளை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

மருத்துவமனையிலிருந்து முறையாக ஒரு கடிதம் வந்தது. வேலை நீக்கத்துக்கான காரணத்தைப் பதிவேட்டில் திருத்திவிட்டதாகவும் வருந்துவதாகவும் எழுதியிருந்தார்கள். கணவர் அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. துணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, முதல் ஒரு வாரம் தினமும் எடுத்துப் படித்தாள். அப்புறம் வாரம் ஒரு முறை.

சீஃப் ஏழாவது, எட்டாவது சனிக்கிழமைகளுக்கும் வந்தார். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தாள். மற்றவர்களின் விளிம்பில் சின்னப் பிசகு இருந்தால் கண்டும் காணாமல் போனவள், அவரிடம் மட்டும் நூலிழைப் பிசகையும் விடவில்லை. இரண்டு தடவை முழுக்கப் பிரித்துக் கட்ட வைத்தாள். இரண்டு தடவையும் உண்மையிலேயே பிசகு இருந்தது. கடைசியில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த, ஆனால் உறுதியான கூடை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அதன் பிறகு அவளை அவர் பார்க்கவில்லை. பேத்தியின் பிறந்தநாளை இப்போது எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தக் குழந்தையின் கேக்கில் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று கணவரிடம் சொன்னாள். அந்தத் தேதியில் தாத்தாவின் தொண்டையில் அது சிக்கினால் அதிலும் வருத்தமில்லை என்று சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த வகுப்புக்குப் பெயர் பதிவு செய்துகொண்டிருந்தாள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பழைய சகா படியேறி வந்தாள். "நானும் ரிடையர் ஆயிட்டேன்டி. வீட்டுல பொழுதே போகல. உன்கிட்ட கூடை கத்துக்கலாம்னு ஆசையா வந்தேன்."

டீச்சர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தாள்.

"அடடா, இடமில்லையே" என்றாள்.

வந்தவள் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். நாலு நாற்காலிகள் காலியாக இருந்தன. அவளும் பார்த்தாள், டீச்சரும் பார்த்தாள். வந்தவள் திரும்பிப் படியிறங்கிப் போனாள்.